பயாஸ் திறக்காத கணினி: பவர் பட்டனுக்கும் லாகின் திரைக்கும் இடையில் நடப்பது என்ன?

மடிக்கணினியை அணைத்துவிட்டு மறுபடி பவர் பட்டனை அழுத்துகிறார்கள். அழுத்திய கையோடு எஃப்2 விசையை விடாமல் தட்டுகிறார்கள். தயாரித்த நிறுவனத்தின் லோகோ வருகிறது, அதன் கீழே புள்ளிகள் சுழல்கின்றன, கடைசியில் விண்டோஸின் லாகின் திரை வந்து நிற்கிறது. மறுபடி அணைத்து, இம்முறை டெலிட் விசை. அதற்கடுத்து எஃப்10, எஸ்கேப், எஃப்12. கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்ற உதவும் பயாஸ் திரை திறப்பதாக இல்லை. என் அக்கா மகன் கொண்டுவந்த மடிக்கணினியில் எஃப்2 என்ற எழுத்தே பாதி தேய்ந்து போயிருந்தது. லினக்ஸ் இயங்குதளத்தைப் போட வேண்டும் என்று இரண்டு நாளாக முயன்றிருக்கிறான். பழுது பார்க்கும் கடை ஒன்றில் மதர்போர்டு போயிருக்கும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மதர்போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஷட் டவுன் கொடுப்பதற்குப் பதிலாக ரீஸ்டார்ட் கொடுத்து, எஃப்2 விசையை எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்தியதும் பயாஸ் திரை திறந்துகொண்டது. பென் டிரைவிலிருந்து பூட் ஆகாததற்கும், அதாவது இயங்குதளம் அதிலிருந்து தொடங்காததற்கும், காரணம் தெளிவாகவே இருந்தது: நிறுவத் தேவையான எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டிய ஐஎஸ்ஓ கோப்பைப் புகைப்படத்தைக் காப்பி செய்வதுபோல அப்படியே அதில் போட்டு வைத்திருந்தான்.

என் கைக்கு இப்படி வந்து சேரும் கணினிகளில் பெரும்பாலானவை பழுதானவை அல்ல. அவை வடிவமைக்கப்பட்டபடியேதான் நடந்துகொள்கின்றன. அந்த வடிவமைப்பு மாறிவிட்டது என்பதுதான் நமக்குத் தெரிவதில்லை. விரைவாகத் தொடங்க வேண்டும் என்றும், அனுமதி இல்லாத எதுவும் தொடங்கக் கூடாது என்றும் எடுக்கப்பட்ட இரண்டு முடிவுகள் நம்மை வெளியே நிறுத்துகின்றன. எந்த முடிவு எந்த இடத்தில் குறுக்கே நிற்கிறது என்று தெரிந்துகொண்டால், பேட்டரியைக் கழற்றுவது, மதர்போர்டை மாற்றுவது போன்ற பெரிய வேலைகளுக்குப் போகாமலே பல நேரம் காரியம் முடிந்துவிடும்.

பவர் பட்டனை அழுத்தியவுடன் முதலில் விழிப்பது ஹார்டு டிஸ்க் அல்ல. மதர்போர்டில் இருக்கும் ஒரு சிறிய ஃபிளாஷ் சிப்பில் எழுதி வைக்கப்பட்ட ஃபர்ம்வேர்தான். அது செயலியையும் நினைவகத்தையும் தயார்ப்படுத்தி, திரையைக் கண்டுபிடித்து, இணைந்திருக்கும் சாதனங்களைக் கணக்கெடுத்து, எதிலிருந்து இயங்குதளத்தை ஏற்றுவது என்று முடிவு செய்கிறது. 1981இல் ஐபிஎம் பிசியோடு தொடங்கி வளர்ந்த பழைய பயாஸ் முறை மிக எளிமையானது. நினைவகத்தின் அளவைத் திரையில் எண்ணிக் காட்டிவிட்டு, டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகளைப் படிக்கும். அவற்றின் கடைசி இரண்டு பைட்டுகள் 55, ஏஏ என்று இருந்தால் அதை நம்பி அங்கே தாவிவிடும். எழுதியவர் யார் என்று கேட்பதில்லை. அந்த முறையின் வழிவந்த கணினிகளில் எண்ணி முடிக்கும் வரை நமக்கு நிதானமான சில விநாடிகள் கிடைத்தன. எந்த விசையை அழுத்த வேண்டும் என்பதும் திரையின் அடியில் எழுதியிருந்தது.

இன்றைய கணினிகளில் இருப்பது அந்தப் பயாஸ் அல்ல. இட்டானியம் செயலிகளுக்காக இன்டெல் உருவாக்கிய ஒரு முறை, 2005இல் பல நிறுவனங்கள் சேர்ந்த அமைப்பொன்றின் பொறுப்புக்கு வந்து, யூஇஎஃப்ஐ என்ற பெயரில் பழைய பயாஸின் இடத்தைப் பிடித்தது. பழக்கத்தால் நாம் இன்னும் பயாஸ் என்றே சொல்கிறோம், அதில் தவறில்லை. ஆனால் இரண்டும் வேலை செய்யும் விதம் வேறு. யூஇஎஃப்ஐ டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகளைப் பார்த்துத் தாவுவதில்லை. அதற்கு ஃபோல்டர், கோப்பு எல்லாம் தெரியும். எந்த டிஸ்க்கில் எந்தக் கோப்பை ஏற்ற வேண்டும் என்ற பட்டியலைத் தன் சொந்தச் சிப்பில் எழுதி வைத்துக்கொள்கிறது. இந்தப் பட்டியலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசியில் சொல்லப்போகும் சிக்கல் முழுவதும் இதைச் சுற்றியே அமைந்தது.

விசை வேலை செய்யாமல் போனதற்கான மூல காரணம் 2012இல் வந்த விண்டோஸ் 8. திட்டமிட்ட அளவுக்கு வேகமாகத் தொடங்கும் கணினிகளில், எஃப்2 அல்லது எஃப்8 விசையை அழுத்துவதற்குப் பயனருக்குக் கிடைக்கும் இடைவெளி 200 மில்லி விநாடிக்கும் குறைவு என்று மைக்ரோசாஃப்ட் பொறியாளர்களே அந்த ஆண்டில் எழுதினார்கள். ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு; கண் இமைக்கும் நேரம். இந்த வேகத்துக்கு இரண்டு ஏற்பாடுகள் காரணம். பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது ஃபாஸ்ட் பூட். இது ஃபர்ம்வேரில் இருக்கும் அமைப்பு. தொடங்கும் நேரத்தைக் குறைப்பதற்காக, யூஎஸ்பி சாதனங்களை எழுப்பும் வேலையை ஃபர்ம்வேர் தவிர்த்துவிட்டு, அதை இயங்குதளம் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடும். அதாவது யூஎஸ்பி கீபோர்டில் நீங்கள் எஃப்2 விசையைத் தட்டும்போது அந்தக் கீபோர்டுக்கே இன்னும் உயிர் வந்திருக்காது. இரண்டாவது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். இது விண்டோஸில் இருப்பது. ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை; தன் மையப் பகுதியான கெர்னலின் நிலையை டிஸ்க்கில் ஒரு கோப்பாகச் சேமித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறது, மறுநாள் அந்தக் கோப்பிலிருந்தே எழுந்துகொள்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் அது முழுக்க இறங்கி முழுக்க ஏறும். அணைத்துப் போட்டால்தான் சுத்தமாகத் தொடங்கும் என்று நாம் இத்தனை காலம் நம்பியது இங்கே தலைகீழாகிவிடுகிறது. ஷட் டவுன்தான் வேண்டும் என்றால், ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி அதைச் சொடுக்கினால் முழுமையாக அணையும்.

விண்டோஸ் நல்லபடியாக ஏறுகிற கணினியாக இருந்தால், விசையோடு போராட வேண்டிய தேவையே இல்லை. கதவைத் தட்டிக்கொண்டே நிற்பதை விட, உள்ளே இருப்பவரிடம் ஒரு சீட்டுக் கொடுத்தனுப்புவது மேல். விண்டோஸ் 11இன் செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ரெக்கவரி, அதற்குள் அட்வான்ஸ்ட் ஸ்டார்ட்அப் என்று போய் ரீஸ்டார்ட் கொடுத்தால் நீல நிறத் திரை ஒன்று வரும். அதில் டிரபிள்ஷூட், பிறகு அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், பிறகு யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ். இதைத் தேர்ந்தெடுத்ததும் விண்டோஸ், அடுத்த முறை தொடங்கும்போது அமைப்புத் திரையிலேயே நில் என்ற குறிப்பை ஃபர்ம்வேரின் சேமிப்பில் எழுதிவிட்டு ரீஸ்டார்ட் ஆகிறது. விசையே தேவையில்லை. ரீஸ்டார்ட் பட்டனை ஷிஃப்ட் விசையோடு சொடுக்கினாலும் இதே நீலத் திரைக்கு வரலாம். லாகின் திரையின் மூலையிலிருக்கும் பவர் குறியிலும் இது வேலை செய்யும் என்பதால், பாஸ்வேர்டு மறந்துபோன கணினியிலும் உதவும். அதே திரையில் யூஸ் எ டிவைஸ் என்று ஒன்று பல கணினிகளில் இருக்கும். பென் டிரைவைச் செருகிவிட்டு அதைத் தேர்ந்தெடுத்தால், பயாஸுக்குள் போகாமலே பென் டிரைவிலிருந்து பூட் செய்யலாம். லினக்ஸில் சிஸ்டம்சிடிஎல் ரீபூட் கட்டளையோடு ஃபர்ம்வேர் செட்டப் என்ற ஆப்ஷனைச் சேர்ப்பது இதற்குச் சமமானது.

யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்ற வரியே அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அதுவும் ஒரு தகவல்தான். பெரும்பாலும் அந்த விண்டோஸ் லெகசி எனப்படும் பழைய பயாஸ் முறையில் நிறுவப்பட்டிருக்கிறது என்று பொருள். சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திரையில் பயாஸ் மோட் என்ற இடத்தில் லெகசி என்றிருக்கிறதா, யூஇஎஃப்ஐ என்றிருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பென் டிரைவ் தயாரிக்கும்போது இந்த ஒரு சொல்தான் பாதி விஷயத்தைத் தீர்மானிக்கும்.

விண்டோஸே ஏறாத கணினியில் விசைதான் வழி. டெல், ஏசர், பெரும்பாலான ஆசுஸ் மடிக்கணினிகளில் எஃப்2, எச்பியில் எஃப்10, அல்லது எஸ்கேப் அழுத்தி வரும் பட்டியல், லெனோவோவின் திங்க்பேடில் எஃப்1, கையில் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்களின் மதர்போர்டுகளில் பெரும்பாலும் டெலிட். பூட் மெனு மட்டும் போதுமென்றால் டெல், லெனோவோ, ஏசர் மூன்றிலும் எஃப்12, எச்பியில் எஃப்9. ஏசரின் பல மாடல்களில் எஃப்12 மெனு அணைக்கப்பட்ட நிலையிலேயே தொழிற்சாலையிலிருந்து வருகிறது. முதலில் எஃப்2 வழியாகப் போய் அதை இயக்கிவிட வேண்டும். லெனோவோவின் ஐடியாபேடுகள் பலவற்றின் பக்கவாட்டில், ஊசி நுழையும் அளவுக்கு நோவோ என்றொரு சிறு பட்டன் உண்டு. கணினி அணைந்திருக்கும்போது அதை அழுத்தினால் பயாஸ், பூட் மெனு இரண்டுக்கும் வழி காட்டும் பட்டியல் திறக்கும். மடிக்கணினிகளில் மேல் வரிசை விசைகள் ஒலி, வெளிச்சம் ஆகியவற்றுக்கு ஒதுக்கப்பட்டிருந்தால் எஃப்என் விசையைச் சேர்த்தே அழுத்த வேண்டும்.

டெஸ்க்டாப்பில் கீபோர்டையே சந்தேகப்பட வேண்டும். புளூடூத் கீபோர்டு இயங்குதளம் வந்த பிறகே இணையும் என்பதால் பயாஸில் பொதுவாக உதவாது. ஹப் வழியாகவோ, மானிட்டரில் இருக்கும் யூஎஸ்பி துளை வழியாகவோ செருகியிருந்தால் எடுத்துவிட்டு, கேபினெட்டின் பின்புறம் மதர்போர்டிலேயே இருக்கும் துளையில், முடிந்தால் யூஎஸ்பி 2.0 துளையில், வயர் உள்ள சாதாரண கீபோர்டைச் செருகிப் பாருங்கள். கீபோர்டில் இருக்கும் நம்பர் லாக், கேப்ஸ் லாக் விளக்குகள் நல்ல சோதனைக் கருவிகள். தொடங்கும் நேரத்தில் அந்த விசையைத் தட்டும்போது விளக்கு மாறி மாறி எரிந்தால் கீபோர்டை ஃபர்ம்வேர் கண்டுகொண்டது. எரியவே இல்லையென்றால் எத்தனை முறை டெலிட்டைத் தட்டினாலும் பயனில்லை.

சில நேரம் பயாஸ் திறந்திருக்கும், நமக்குத் தெரியாது. மானிட்டர் விழித்துக்கொள்ள மூன்று நான்கு விநாடிகள் எடுத்துக்கொண்டால், அதற்குள் லோகோ வந்து போய்விடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும் கணினியில் மானிட்டர் கேபிளை மதர்போர்டின் துளையில் செருகியிருந்தால் திரை கறுப்பாகவே இருக்கும். மிகப் பழைய கிராஃபிக்ஸ் கார்டாக இருந்து அதில் யூஇஎஃப்ஐக்கான பகுதி இல்லாதபோது, யாராவது லெகசி ஆதரவை அணைத்துவிட்டால், விண்டோஸ் வரும் வரை படமே தெரியாமல் போகலாம். டிடிஆர்5 நினைவகம் உள்ள புதிய மதர்போர்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் முறை தொடங்கும்போதும், அமைப்புகளை அழித்த பிறகும், நினைவகத்தைப் பழக்கப்படுத்திக்கொள்ளும் வேலைக்காக இவை சில நிமிடங்கள்கூடக் கறுப்புத் திரையோடு நிற்கும். பொறுமையிழந்து பவரைத் துண்டித்தால் அந்த வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். செத்துப் போய்விட்டது என்று முடிவு கட்டும் முன் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு திறக்கவில்லையென்றால், டெஸ்க்டாப்பில் நான் அடுத்துச் செய்வது டிஸ்க்கைக் கழற்றுவது. எஸ்எஸ்டியையும் ஹார்டு டிஸ்க்கையும் பிரித்துவிட்டால், ஏற்றுவதற்கு எதுவும் இல்லாத நிலையில் பெரும்பாலான யூஇஎஃப்ஐ கணினிகள் தாமாகவே அமைப்புத் திரையிலோ பூட் மெனுவிலோ வந்து நிற்கும். அங்கே ஃபாஸ்ட் பூட்டை அணைத்துச் சேமித்துவிட்டு, பவரை எடுத்தபின் டிஸ்க்கை மறுபடி மாட்டலாம். இதில் எந்த அமைப்பும் அழிவதில்லை என்பதால், சிஆர்2032 என்ற 3 வோல்ட் பொத்தான் பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்னால் இதைச் செய்யச் சொல்வேன்.

பேட்டரியைக் கழற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பழைய காலத்தது. இன்றும் பாதி உண்மை. டெஸ்க்டாப்பில் பேட்டரியைச் சில நிமிடம் எடுத்து வைப்பதோ, மதர்போர்டில் அதற்கென்றே இருக்கும் இரண்டு ஊசிகளைத் தொடுத்து அமைப்புகளை அழிப்பதோ, அல்ட்ரா ஃபாஸ்ட் பூட் போன்ற அமைப்புகளில் மாட்டிக்கொண்ட கணினியை மீட்டுத் தரும். ஆனால் டிஸ்க் எந்த முறையில் இயங்க வேண்டும் என்ற அமைப்பும் சேர்ந்து அழியும். ரெய்டு முறையில் நிறுவிய விண்டோஸ், அமைப்பு ஏஎச்சிஐக்கு மாறியதும், இன்அக்ஸசிபிள் பூட் டிவைஸ் என்று நீலத் திரை காட்டி நின்றுவிடும். நிலைமை முன்னை விட மோசமானதுபோலத் தோன்றும். பயாஸ் பாஸ்வேர்டு விஷயத்திலோ இந்த வழி பெரும்பாலும் பலிக்காது. இன்றைய மடிக்கணினிகளில், குறிப்பாக அலுவலகப் பயன்பாட்டுக்கான மாடல்களில், சூப்பர்வைசர் பாஸ்வேர்டு பேட்டரியை நம்பியிருக்கும் நினைவகத்தில் இல்லை. பவர் போனாலும் அழியாத சிப்பில் இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கும் மடிக்கணினியைக் கையில் வாங்கும் முன்பே பயாஸைத் திறந்து பார்த்துவிடுங்கள். பணம் கொடுத்து வீட்டுக்கு வந்தபிறகு பாஸ்வேர்டு கேட்டால், வாங்கிய ரசீதோடு தயாரிப்பு நிறுவனத்தை அணுகுவதைத் தவிர நேர்மையான வழி அதிகமில்லை.

பென் டிரைவிலிருந்து பூட் ஆகாத சிக்கலில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: பூட் மெனுவில் அதன் பெயர் தெரிகிறதா? தெரியவே இல்லை என்பது ஒரு சிக்கல். தெரிந்தும், தேர்ந்தெடுத்ததும் திரை ஒருமுறை கறுத்துவிட்டு மறுபடி மெனுவுக்கே திரும்புவது இன்னொன்று. தெளிவான ஆங்கிலச் செய்தி காட்டி மறுப்பது மூன்றாவது. பூட் ஆகவில்லை என்ற ஒரே சொல்லில் மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பென் டிரைவை ஐந்து முறை மறுபடி மறுபடி தயாரிக்க நேர்கிறது.

பெயரே தெரியவில்லையென்றால், பென் டிரைவில் ஃபர்ம்வேர் எதிர்பார்க்கும் கோப்பு இல்லை என்பதே பெரும்பாலும் காரணம். யூஇஎஃப்ஐக்கு உறுதியாகப் படிக்கத் தெரிந்தது ஃபேட் வகை ஃபைல் சிஸ்டம், அதாவது கோப்புகளை அடுக்கி வைக்கும் ஒரு முறை. 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் அது தேடுவது, இஎஃப்ஐ என்ற ஃபோல்டருக்குள் பூட் என்ற ஃபோல்டரில் இருக்கும் பூட்எக்ஸ்64 என்ற கோப்பை. இந்த முகவரியில் அந்தக் கோப்பு இருந்தால் பென் டிரைவ் பூட் ஆகத் தகுதியுடையது. இல்லையென்றால் அது வெறும் சேமிப்பு. ஐஎஸ்ஓவை ஒற்றைக் கோப்பாகக் காப்பி செய்து வைத்தால் ஏன் பூட் ஆகாது என்பது இதிலிருந்தே விளங்கும்: ஃபர்ம்வேர் அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை. ரூஃபஸ் போன்ற மென்பொருள்கள் அந்தப் பொட்டலத்தைப் பிரித்து உரிய இடத்தில் அடுக்கித் தருகின்றன. விண்டோஸ் 7 ஐஎஸ்ஓவை முறையாக எழுதியும் யூஇஎஃப்ஐ கணினியில் தெரியாமல் போவதற்கும் காரணம் இதுவே. அந்தக் கோப்பு அதன் வழக்கமான இடத்தில் அந்த ஐஎஸ்ஓவில் கிடையாது.

ஃபேட்32இல் இன்னொரு தடை இருக்கிறது. 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. விண்டோஸின் நிறுவல் கோப்பு இப்போது பல ஐஎஸ்ஓக்களில் அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. கோப்புகளைக் கையால் காப்பி செய்பவர்களுக்குக் கடைசியில் ஒரு கோப்பு மட்டும் ஏறாமல் போவது இதனால்தான். ரூஃபஸ் இதற்காகப் பென் டிரைவில் ஒரு சிறு ஃபேட் பகுதியை ஒதுக்கி, அதிலிருந்து பெரிய கோப்புகளை ஏற்கும் என்டிஎஃப்எஸ் பகுதிக்குத் தாண்டிச் செல்லும்படி செய்கிறது.

அதே மென்பொருளில், டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் முறையைக் குறிக்கும் பார்ட்டிஷன் ஸ்கீம் என்ற இடத்தில் எம்பிஆரா, ஜிபிடியா என்று கேட்கப்படும்போது பலர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முன்பு குறித்துவைத்த பயாஸ் மோட் இங்கேதான் பயன்படும். யூஇஎஃப்ஐ கணினிக்கு ஜிபிடி, லெகசி கணினிக்கு எம்பிஆர். லெகசி ஆதரவும் இருக்கும் கணினியில் ஒரே பென் டிரைவ் பூட் மெனுவில் இரண்டு முறை தெரியலாம்: ஒன்று யூஇஎஃப்ஐ என்ற முன்னொட்டோடு, மற்றொன்று வெறும் பெயராக. முன்னொட்டு இல்லாததைத் தேர்ந்தெடுத்தால் பழைய முறையில் பூட் ஆகும். ஜிபிடி டிஸ்க்கில் விண்டோஸை நிறுவப்போகும் வேளையில், இந்த டிஸ்க்கில் நிறுவ முடியாது என்ற செய்தி வந்து நிற்கும். டிஸ்க்கில் தவறில்லை, நுழைந்த கதவுதான் தவறு. இன்டெல் 2017இலேயே, 2020க்குள் லெகசி ஆதரவைக் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டது. எனவே பல புதிய கணினிகளில் பழைய முறைப் பென் டிரைவ் எத்தனை நாள் முயன்றாலும் தெரியாது.

மூன்றாவது வகையான மறுப்புக்குப் பின்னால் பெரும்பாலும், இரண்டாவதற்குப் பின்னால் சில நேரம், இருப்பது செக்யூர் பூட். ஏற்றப்படும் கோப்பில் நம்பகமான கையெழுத்து இருக்கிறதா என்று ஃபர்ம்வேர் சரிபார்த்து, இல்லையென்றால் தடுத்துவிடும். இயங்குதளத்துக்கு அடியில் புகுந்துகொள்ளும் தீநிரல்களைத் தடுப்பதற்காக வந்த ஏற்பாடு இது, தேவையானதுதான். இன்வேலிட் சிக்னேச்சர் டிடெக்டட் என்றோ, செக்யூரிட்டி வயலேஷன் என்றோ செய்தி வந்தால் பென் டிரைவ் சரியாகப் படிக்கப்பட்டிருக்கிறது, அனுமதிதான் இல்லை என்று புரிந்துகொள்ளலாம். உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகள் மைக்ரோசாஃப்டின் கையெழுத்துப் பெற்ற ஷிம் என்ற சிறு நிரலைப் பயன்படுத்துவதால் செக்யூர் பூட் இயங்கும்போதே பூட் ஆகின்றன. ஆனால் சில புதிய மடிக்கணினிகள் மைக்ரோசாஃப்டின் சொந்த விண்டோஸ் கையெழுத்தை மட்டும் ஏற்று, பிறருக்கு அது வழங்கும் கையெழுத்தை ஏற்காத நிலையில் விற்பனைக்கு வருகின்றன. தேர்டு பார்ட்டி சிஏ என்ற அமைப்பை பயாஸில் தேடி இயக்கினால் போதும், செக்யூர் பூட்டையே அணைக்க வேண்டியதில்லை.

பழைய பென் டிரைவ்களும் சிக்கல் தரும். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று, பாதுகாப்புக் குறையுள்ள பழைய பூட் நிரல்களை ஏற்காதபடி ஃபர்ம்வேரில் குறிப்பு எழுதியது; இரண்டு இயங்குதளங்கள் வைத்திருந்த பலருக்கு மறுநாள் லினக்ஸ் ஏறவில்லை, எஸ்பிஏடி என்ற சொல்லோடு பிழைச் செய்தி வந்தது. முன்பு அதே கணினியில் நன்றாக வேலை செய்த லினக்ஸ் பென் டிரைவ்களும் அன்றைக்கு மறுக்கப்பட்டன. போன வருடம் பூட் ஆனது, இப்போது ஆகவில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, அந்த லினக்ஸின் இன்றைய ஐஎஸ்ஓவை இறக்கிப் பாருங்கள் என்பதுதான். இந்தக் கையெழுத்துகளைச் சரிபார்க்க உதவும் 2011ஆம் ஆண்டின் மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்களின் காலம் 2026 ஜூனிலிருந்து முடிந்து, 2023ஆம் ஆண்டின் சான்றிதழ்கள் அவற்றின் இடத்துக்கு வருவதும் இந்தக் கதையின் தொடர்ச்சியே. புதிய சான்றிதழில் மட்டும் கையெழுத்தான பென் டிரைவை, அதைப் பெற்றுக்கொள்ளாத பழைய ஃபர்ம்வேர் ஏற்காது. ஃபர்ம்வேர் அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் செய்துவிடுவது நல்லது.

செக்யூர் பூட்டை அணைத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இதை அழுத்தமாகவே சொல்கிறேன். விண்டோஸ் 10, 11 மடிக்கணினிகள் பலவற்றில், உரிமையாளர் கேட்காமலே டிஸ்க்கில் உள்ளவை பிட்லாக்கர் என்ற ஏற்பாட்டால் குறியாக்கம் செய்து பூட்டப்பட்டிருக்கும். செக்யூர் பூட்டின் நிலை மாறியதும் விண்டோஸ் சந்தேகப்பட்டு, பிட்லாக்கரின் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். அது கைவசம் இல்லையென்றால் டிஸ்க்கில் உள்ள அத்தனையும் போனதற்குச் சமம். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் அந்த எண் இருக்கிறதா என்று வேறொரு போனில் திறந்து பார்த்து, தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே பயாஸில் கை வையுங்கள்.

அணைக்கும் இடத்திலும் இரண்டு பொறிகள் உண்டு. ஏசரின் பல மாடல்களில் அந்த வரி மங்கலாக, தொட முடியாமல் இருக்கும். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒன்றை வைத்தால்தான் அது திறக்கும், வேலை முடிந்ததும் பாஸ்வேர்டை நீக்கிவிடலாம். எச்பி மடிக்கணினிகளிலோ மாற்றத்தைச் சேமித்து ரீஸ்டார்ட் ஆனதும், நான்கு இலக்க எண் ஒன்றைத் திரையில் காட்டி, அதைத் தட்டி என்டர் அழுத்தச் சொல்லும். தட்டும் இலக்கங்கள் திரையில் தெரியாது. கீபோர்டு வேலை செய்யவில்லையோ என்று நினைத்து வேறு விசைகளைத் தட்டினாலோ, பேசாமல் காத்திருந்தாலோ, மாற்றம் ரத்தாகி செக்யூர் பூட் பழையபடி இயங்கத் தொடங்கும். மேல் வரிசை எண் விசைகளில் அந்த நான்கையும் நிதானமாகத் தட்டி என்டர் அழுத்துங்கள், அது ஏற்றுக்கொள்ளும்.

இதுவரை சொன்னதெல்லாம் பழுதில்லாத கணினிகள். உண்மையான பழுது எப்படி இருக்கும் என்பதற்கு 2017இல் நடந்ததைப் போல நல்ல எடுத்துக்காட்டு வேறில்லை. அந்த ஆண்டு அக்டோபர் 19இல் உபுண்டு 17.10 வெளியானது. அதை நிறுவிய சிலர், பெரும்பாலும் லெனோவோ மடிக்கணினி வைத்திருந்தவர்கள், விசித்திரமான ஒன்றைக் கவனித்தார்கள். பயாஸில் எதை மாற்றிச் சேமித்தாலும், ரீஸ்டார்ட் ஆனதும் பழைய அமைப்பே இருந்தது. பென் டிரைவிலிருந்து பூட் ஆகவில்லை. உபுண்டுவை அழித்துவிட்டு விண்டோஸ் போட்டும் பயனில்லை. ஏசர், தோஷிபா மடிக்கணினிகள் சிலவற்றிலும் இதே நிலை. டிசம்பரில் உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம் 17.10இன் டவுன்லோடு இணைப்பையே விலக்கிக்கொண்டது.

காரணம், அந்த வெளியீட்டின் 4.13 கெர்னலில் இயக்கி வைக்கப்பட்டிருந்த இன்டெல் எஸ்பிஐ டிரைவர். மதர்போர்டின் ஃபர்ம்வேர் சிப்போடு லினக்ஸிலிருந்தே பேச உதவும் டிரைவர் அது; சாதாரணப் பயனருக்குத் தேவையே இல்லாதது. குறிப்பிட்ட சில மதர்போர்டுகளில் அது அந்தச் சிப்பை எழுத முடியாத நிலைக்குத் தள்ளிவிட்டது. படிக்கலாம், எழுத முடியாது. கணினி அதனால்தான் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் முன்பு சொன்ன பட்டியலை நினைத்துப் பாருங்கள்: எதிலிருந்து பூட் செய்வது என்ற பட்டியலும், பயாஸில் நாம் செய்யும் மாற்றங்களும் எழுதப்படுவது அதே சிப்பில்தான். அங்கே எழுத முடியாதபோது அமைப்பும் மாறாது, புதிதாகச் செருகிய பென் டிரைவுக்குப் பட்டியலில் இடமும் கிடைக்காது. இரண்டு வேறு பழுதுகள்போலத் தெரிந்தவை ஒரே பழுதின் இரண்டு முகங்கள். சிப் அந்த நிலையைத் தானே நினைவில் வைத்திருந்ததால் டிஸ்க்கை அழித்தும், இயங்குதளத்தை மாற்றியும் பயனில்லாமல் போனது.

மீட்கும் வழி, பழுதை உண்டாக்கிய பாதையிலேயே இருந்தது. டிரைவர் திருத்தப்பட்ட கெர்னலை அதே உபுண்டுவில் நிறுவி ஒருமுறை பூட் செய்தால் அது சிப்பின் பூட்டை விலக்கிவிடும். அடுத்த ரீஸ்டார்ட்டில் பயாஸ் எழுதக்கூடியதாகிவிடும். 2018 ஜனவரியில் திருத்திய ஐஎஸ்ஓவும் வெளியானது. பதற்றத்தில் உபுண்டுவை அழித்துவிட்டவர்களுக்குத்தான் துன்பம் நீடித்தது. அவர்களிடம் அந்தக் கெர்னலை ஏற்றுவதற்கு லினக்ஸும் இல்லை, அதை உள்ளே கொண்டுவரப் பென் டிரைவும் பூட் ஆகாது. அதனால்தான், இன்றும் பயாஸில் மாற்றங்கள் தங்குவதில்லை என்று யாராவது சொன்னால், ஏறிக்கொண்டிருக்கும் இயங்குதளத்தை முதலில் அழிக்காதீர்கள் என்கிறேன். அமைப்பு தங்கவில்லை, கடிகாரமும் ஒவ்வொரு முறையும் பின்னுக்குப் போகிறது என்றால் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கலாம். கடிகாரம் சரியாக இருந்தும் அமைப்பு தங்கவில்லையென்றால் சிப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

சிப்பையே நேரடியாக எழுத வேண்டிய நிலை வந்தால் அதற்கும் வழி உண்டு. எட்டுக் கால்கள் கொண்ட அந்தச் சிப்பின் மேல் கவ்விக்கொள்ளும் கிளிப்பும், சிஎச்341ஏ என்ற மலிவான புரோகிராமரும், இயங்கும் இன்னொரு கணினியும் போதும். மடிக்கணினியின் பேட்டரி கழற்றப்பட்டிருக்க வேண்டும். சிப் 3.3 வோல்ட் வகையா, 1.8 வோல்ட் வகையா என்று அதன் மேலுள்ள எண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும், 1.8 வோல்ட் சிப்புக்கு இடையில் அடாப்டர் இல்லாமல் இணைத்தால் அது கருகிவிடும். எழுதத் தொடங்கும் முன் சிப்பில் இருப்பதை இரண்டு முறை படித்து, இரண்டு கோப்புகளும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டு, வேறொரு டிஸ்க்கில் பத்திரப்படுத்துங்கள். வேறுபட்டால் கிளிப் சரியாகக் கவ்வவில்லை என்று பொருள். எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டுங்கள். அந்தக் கணினியின் வரிசை எண்ணும், அதோடு வந்த விண்டோஸ் உரிம எண்ணும் பல கணினிகளில் அந்தச் சிப்பில்தான் இருக்கின்றன. இணையத்தில் கிடைக்கும் இன்னொரு கணினியின் ஃபர்ம்வேரை அப்படியே மேலே எழுதினால் அவையும் சேர்ந்து போய்விடும்.